தொதலைத் திரையில் இருத்திய கதை

எங்கள் கரையில் வீடு பெண்ணுக்குத்தான். பெண் பிள்ளை பிறந்துவிட்டால் வாப்பாமார் அடுத்த நாளே கல்லும் மண்ணும் விலை கேட்கப் போவார்கள் என்று பகிடியாகச் சொல்வோம். கல்யாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண் வீட்டுக்கு வந்து இருக்க வேண்டும். அப்படிப் பார்த்தால், கல்முனையில் நான் இருக்கிற வீடு என் இளைய மகளுடையது. கடலோரத்தில் எனக்கென்று இருந்த வீட்டைக் கடல் கொண்டுபோன பிறகு, வயல் பக்கமாக வரிசை வரிசையாகக் கட்டித் தந்தார்களே, அதில் ஒன்று. உறுதிப் பத்திரம் அவள் பெயரில் இருக்கிறது. குசினி என் பெயரில். அதை யாரும் எழுதித் தரவில்லை. வந்த அன்றே அடுப்பை மூட்டி நானே எடுத்துக்கொண்டேன்.

அந்த வீட்டின் முன் அறையில்தான் கம்பியூட்டர் வந்து இருந்தது. கடல் வந்த பிறகு எங்கள் ஊருக்கு வராத நிறுவனம் இல்லை. ஒருவர் தையல் மெஷின் தந்தார், ஒருவர் கோழிக் கூடு தந்தார், கோழி தர இன்னொருவர் வந்தார். அதில் ஒரு நிறுவனம் எங்கள் மாதர் சங்கத்துக்கு ஒரு கம்பியூட்டர் தந்தது. எங்கள் வீட்டு யன்னலுக்கு இரும்புக் கம்பி போட்டிருந்தது, அதனால் எங்கள் வீட்டில் வைத்தார்கள். நான் அதற்கு ஒரு பூத்துணி தைத்துப் போர்த்திவிட்டேன். என் வீட்டுக்கு வருகிற எதுவும் வெறுமனே இருக்கக் கூடாது.

நான் இரண்டாம் வகுப்புக்கு மேல் பள்ளிக்குப் போனதில்லை. குர்ஆனைத் தட்டுத் தடங்கல் இல்லாமல் ஓதுவேன். தமிழ் எழுத்துத்தான் எனக்குக் கொஞ்சம் மெதுவாக வரும். ஆனால் தொதல் என்றால் அக்கரைப்பற்றில் இருந்துகூட என் வாசலுக்கு ஆள் வரும். தேங்காய்ப் பாலும் சர்க்கரையும் மாவும் சேர்ந்து, எண்ணெய் பிரிந்து, சட்டியை விட்டுத் தானாகக் கழன்று வருகிற பதம் எல்லாக் கைக்கும் வராது. சங்கத்தில் மற்றவர்கள் ஊறுகாய் போட்டார்கள், சாரன் நெய்தார்கள், மாசிச் சம்பல் இடித்தார்கள். அடுத்த வீட்டில் என் மச்சி, என் புருசனுடைய தங்கை, பன்பாய் இழைத்தாள். நல்ல பாய்தான். அவள் சொல்லுகிற அளவுக்கு இல்லை.

என் மகளுக்குக் கல்யாணம் முடிந்து பெருநாள் ஒன்று கழிவதற்குள் மருமகன் கட்டாருக்குப் போய்விட்டார். அதற்குப் பிறகு அந்தப் பிள்ளை சுவரைப் பார்த்துப் படுத்தது படுத்ததுதான். ஆக்கிக் கொடுத்தால் சாப்பிடும். கேட்டால் பதில் சொல்லும். அவ்வளவுதான். நிறுவனம் டவுனில் கம்பியூட்டர் வகுப்பு நடத்தியபோது நான் தள்ளித்தான் அனுப்பினேன். அங்கே போன மூன்றாம் கிழமையே, தலையை ஒழுங்காக இழுத்துக் கட்டி, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று என்னைக் குசினியில் வந்து அவசரப்படுத்தினாள். மெஷின் வீட்டுக்கு வந்த பிறகு சுவர்ப் பக்கம் திரும்பவே இல்லை. அதனால் அந்தப் பெட்டி மேல் எனக்கு ஒரு மரியாதை உண்டு.

பிறகு சண்டை முடிந்தது. சோதனைச் சாவடிகளில் பஸ்ஸை விட்டு இறங்கி ஏறுகிற வேலை குறைந்தது. நிறுவனங்கள் எல்லாம் மூட்டை கட்டி வடக்கே போகத் தொடங்கின. எங்களுக்குக் கம்பியூட்டர் தந்த நிறுவனத்தின் மிஸ்ஸும் வந்தார். மட்டக்களப்புப் பக்கத்துப் பெண், நல்ல சிரிப்பு, நறுக்கென்ற பேச்சு.

"நாங்க கந்தோரை மூடப் போறம். கடற்கரைத் தெருச் சங்கமும் ஒரு கம்பியூட்டர் கேட்குது. கையில வேற மெஷின் இல்ல. உங்கட சங்கத்துச் சாமானெல்லாத்தையும் காட்டுற வெப் பக்கம் ஒண்டு செய்யிறதெண்டு சொன்னீங்களே, அது எங்க?" என்று கேட்டார்.

"செஞ்சிட்டிரிக்கன் மிஸ்," என்றாள் மகள்.

"வாற வியாழன் மத்தியானம், ளுஹருக்குப் பிறகு வாறன். பக்கம் வேலை செய்தா கம்பியூட்டர் இஞ்சயே நிக்கும். இல்லாட்டி அண்டைக்கே ஜீப்பில ஏத்திடுவன். கோவிக்கப்படாது."

மிஸ் போன பிறகு மகள் பூத்துணியை எடுத்து மடித்து என் கையில் தந்துவிட்டுக் கதிரையில் உட்கார்ந்தாள். யாரிடமும் போய்க் கெஞ்சுவது எனக்கு வராது. மிஸ்ஸிடமும் கெஞ்சவில்லை. ஆனால் அந்தப் பெட்டி ஜீப்பில் ஏறினால் பிள்ளை மறுபடியும் சுவர்ப் பக்கம் திரும்பிவிடும் என்று எனக்குத் தெரியும். ஆகவே அன்றிலிருந்து நானும் ஒரு கதிரையைப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன். வெங்காயம் உரிப்பதை எங்கே இருந்து உரித்தால் என்ன.

"என்ன புள்ள எழுதுறாய்?"

"ஜாவாஸ்கிரிப்ட் உம்மா."

"அது ஆரு?"

"ஆளில்ல உம்மா. பக்கத்துக்கு வேலை சொல்லுற பாசை. ஒவ்வொரு சாமானுக்கும் ஒவ்வொரு பெட்டியா நான் கையால எழுதத் தேவையில்ல. இதுக்கிட்டச் சொன்னா அதுவே உண்டாக்கும்."

எனக்கு விளங்கட்டும் என்று அவள் நம்முடைய கல்யாண வழக்கத்தை வைத்தே சொன்னாள். கிரியேட் எலிமென்ட் என்று ஒரு சொல். அதைச் சொன்னால் ஒரு மாப்பிள்ளை பிறக்கிறார். பேர் இல்லை, உடுப்பு இல்லை, வெறும் ஆள். அடுத்தது செட் ஆட்ரிபியூட். அதுதான் மாப்பிள்ளையைச் சோடிக்கிறது. இன்ன படம், இன்ன அகலம், படம் வராவிட்டால் அந்த இடத்தில் இன்ன எழுத்து என்று ஒவ்வொன்றாகப் போட்டுவிடலாம். ஒவ்வொரு தடவையும் இரண்டு விசயம் சொல்ல வேண்டும், எந்த உடுப்பு, அது எப்படிப்பட்டது என்று. தொப்பி என்றால் வெள்ளைத் தொப்பி, சாரன் என்றால் பட்டுச் சாரன், அந்த மாதிரி.

"சரி, மாப்பிள்ளை எங்க? ஒண்டும் தெரியல்லியே," என்றேன். திரை வெள்ளையாகவே இருந்தது.

அவளும் பார்த்தாள். எழுதியதை மேலும் கீழும் இழுத்துப் பார்த்தாள். மெஷினை அணைத்துத் திரும்பப் போட்டாள். அசருக்குப் பாங்கு சொல்லி, நான் தொழுது முடித்து வந்தும் திரை வெள்ளைதான். கடைசியில் தன் நெற்றியில் தானே ஒரு தட்டுத் தட்டினாள்.

"உம்மா, மாப்பிள்ளையைச் சோடிச்சு அவங்கட உம்மா வீட்டிலயே வெச்சிட்டன். இஞ்ச கூட்டிட்டு வரல்ல."

அதற்கும் ஒரு சொல் உண்டாம், அப்பென்ட் சைல்ட். இன்ன வீட்டுக்குள் இன்ன ஆளைக் கொண்டுபோய் இருத்து என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் மாப்பிள்ளை இருப்பார், சோடித்தபடியே இருப்பார், ஆனால் எந்த வீட்டிலும் இல்லை. யார் கண்ணுக்கும் தெரியமாட்டார். அவள் அந்தச் சொல்லை எழுதியதும் திரையில் டக்கென்று என் தொதல் வந்து உட்கார்ந்தது. கரும் சிவப்பாய், மினுமினுப்பாய். தாம்பாளத்தோடு நான்தான் படம் எடுக்கக் கொடுத்திருந்தேன். வெங்காயத்தை வைத்துவிட்டு வடிவாகப் பார்த்தேன்.

மறுநாள் எல்லாருடைய சாமானும் ஒரே வரிசையில் வந்துவிட்டது. என்னுடையதை முதலில் போடு என்று மகளிடம் சொல்லி வைத்திருந்தேன். வந்து பார்த்தால் முதலில் இருப்பது மச்சியின் பாய்.

"என்ன புள்ள இது? என்ட தொதலைக் கொண்டுபோய்க் கடைசியில போட்டிரிக்காய்."

"இல்ல உம்மா, உங்கட தொதல்தான் முதல்ல இரிக்கி."

"எனக்குக் கண் தெரியாதெண்டு நினைச்சியா? இந்தா பாய். பிறகு ஊறுகாய். பிறகு சாரன். பிறகு சம்பல். ஆகக் கடைசியில தொதல்."

அவள் என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சிரிக்கத் தொடங்கினாள். மருமகன் போன நாளில் இருந்து அப்படிச் சிரித்ததில்லை. மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நான் சின்ன வயதில் இருந்து ஓதிப் பழகியது வலது பக்கத்தில் இருந்து. தமிழ் இடது பக்கத்தில் தொடங்குகிறது என்பது எனக்கும் தெரியும். ஆனால் எழுத்தில்லாமல் ஐந்து படம் வரிசையாக இருந்தால் என் கண் வலது பக்கத்தில்தான் போய் விழும். அதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று கேட்டேன்.

"சிரிக்கல்ல உம்மா. இதுக்கும் ஒரு உடுப்பு இரிக்கி. அரபு எழுதுறவங்களுக்காக வெச்சிரிக்காங்க."

அந்த வரிசை முழுவதையும் வைத்திருக்கிற பெரிய பெட்டிக்கு, டிர் என்று ஒரு ஆட்ரிபியூட் போட்டாள். வலது பக்கத்தில் இருந்து தொடங்கு என்று அதற்கு அர்த்தமாம். ஒரே ஒரு உடுப்புத்தான் மாறியது, முழு வரிசையும் மறுபக்கம் திரும்பிவிட்டது. தொதல் வலது கரையில், பாய் இடது கரையில். எனக்கு நல்ல திருப்தி.

அசருக்குப் பிறகு மச்சி வந்தாள். அவள் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள், அதைச் சொல்லிக் காட்டாத நாள் கிடையாது. திரையை ஒரு பார்வை பார்த்தாள். முகம் பூரித்தது.

"என்ட பாயைத்தான் முதல்ல போட்டிரிக்காள் புள்ள. அல்ஹம்துலில்லாஹ். நான் கேக்கவும் இல்ல," என்றாள்.

"எங்க முதல்ல? உன்ட பாய்தான்கா கடைசி."

"மச்சி, இது இடப்பக்கம் இரிந்துதான் பாக்கிற. நீங்க குர்ஆனா ஓதுறீங்க?"

மகள் எதுவும் தெரியாதவள் போலக் குனிந்து தட்டிக்கொண்டிருந்தாள். இரண்டு பேரும் தான்தான் முதல் என்று சந்தோசமாக இருக்கட்டும் என்று அவள் நினைத்திருக்கிறாள். எனக்கு அது பொறுக்கவில்லை. மச்சி வாசலைத் தாண்டியதும் சொன்னேன்.

"என்ட தொதலை ரெண்டு கரையிலயும் போடு."

"ஒண்டை ரெண்டு இடத்தில போடேலாது உம்மா."

"ஏன் ஏலாது? போட்டுப் பாரன்."

அவளுக்கும் செய்து பார்க்கிற ஆசை இருந்திருக்க வேண்டும். அதே தொதலை இடது கரையிலும் இருத்து என்று எழுதினாள். இடது கரைக்குத் தொதல் வந்தது. வலது கரையில் காணவில்லை. திரும்ப வலது கரையில் இருத்தினாள். இடது கரை போய்விட்டது.

"பாத்தீங்களா? ஆள் ஒண்டுதான். புது வீட்டுக்குப் போனா பழைய வீட்டில இருக்கமாட்டார்."

"மார்க்கம் ஒரு மாப்பிள்ளைக்கு நாலு வீடு வரைக்கும் விடுது. உங்கட மெஷின் ஒண்டுக்கு மேல விடாதாமா?"

"இத நான் கட்டாருக்கு எழுதப் போறன்," என்று மகள் சிரித்தாள். பிறகு சொன்னாள், இரண்டு இடத்தில் வேண்டுமென்றால் இரண்டாவதாக ஒரு மாப்பிள்ளையை உண்டாக்கி, அதே உடுப்பை அவருக்கும் போட்டு, தனியாகக் கூட்டி வர வேண்டுமாம். எனக்காக அதையும் செய்தாள். இரண்டு கரையிலும் தொதல். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. மறுநாள் காலையில் மச்சி வந்து பார்த்துவிட்டுத் தன் பாயும் இரண்டு இடத்தில் வர வேண்டும் என்றாள். பின்னாலேயே ஊறுகாய்க்காரியும் வந்தாள். ஆளாளுக்குத் திரையில் விரலை வைத்துக் கதைக்கத் தொடங்க, மகள் கதிரையை விட்டு எழும்பினாள்.

"உம்மா, இண்டைக்குப் புதன். புதுச் சாமான் சேக்கிற பெட்டி இன்னும் எழுதி முடியல்ல. நாளைக்கு மிஸ் வந்து இதத் தூக்கிட்டுப் போனா உங்கட தொதல் ஒரு கரையிலயும் இரிக்காது. எல்லாரும் போங்க."

அவள் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. எல்லாரும் போனார்கள். நானும் குசினிக்குப் போய்விட்டேன். எல்லாச் சாமானையும் ஒவ்வொரு தடவை, இடது பக்கத்தில் இருந்து, எழுத்து வரிசைப்படி போட்டுவிட்டாள். அந்த வரிசையில் என் தொதல் ஊறுகாய்க்கும் பிறகு வந்தது. மத்தியானச் சோற்றை மேசையில் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தேன், அசருக்குப் போய்ப் பார்த்தேன், ஆறிப்போய் அப்படியே இருந்தது. சூடாக்கித் திரும்பக் கொண்டுபோய் வைத்தேன்.

வியாழக்கிழமை மிஸ் வந்தார். சங்கத்துப் பெண்கள் எல்லாரும் முன் அறையில் நெருக்கி உட்கார்ந்திருந்தோம். வெளியே ஜீப் நின்றது. டிரைவர் பின்கதவைத் திறந்தே வைத்திருந்தான், ஏற்றுகிறதுக்குத் தோதாக. எனக்கு அதைப் பார்க்கவே பிடிக்கவில்லை. மகள் பக்கத்தைத் திறந்து காட்டினாள். சாமான்கள் வந்தன. புதுச் சாமான் சேர்க்கிற இடத்தையும் காட்டினாள். பேர் எழுத ஒரு கட்டம், பக்கத்தில் சின்னச் சின்னப் படங்கள், கீழே சேர் என்று ஒரு பொத்தான். பொத்தானை அமர்த்தினால் ஆளை உண்டாக்குவது, சோடிப்பது, கூட்டி வந்து இருத்துவது எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகத் தானாக நடக்கும்.

மிஸ் தலையாட்டினார். பிறகு சொன்னார்: "நல்லா இரிக்கி. ஆனா மகள் இப்ப எழும்புங்க."

மகள் எழும்பினாள்.

"நாளைக்கு நீங்க புருசனோட கட்டாருக்குப் போனா இந்தக் கம்பியூட்டரை ஆர் தட்டுற? இது சங்கத்துக்குத் தந்த சாமான். வேற ஒராள் வந்து ஒரு சாமானைச் சேத்துக் காட்டுங்க. மகள் வாயே திறக்கப்படாது."

ஊறுகாய்க்காரிக்கு உடனே இருமல் வந்தது. சாரன் நெய்கிறவள் அடுப்பில் பால் வைத்துவிட்டு வந்தாளாம். ஐந்தாம் வகுப்புப் படித்த மச்சி, "கண்ணாடியை வீட்டில விட்டிட்டன்," என்றாள். அவள் கண்ணாடி போட்டு நான் பார்த்ததே இல்லை. மகள் கதவோரமாக நின்றாள். ஜீப்பின் பின்கதவு அவளுக்குப் பின்னால் தெரிந்தது.

நான் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு போய்க் கதிரையில் உட்கார்ந்தேன்.

தட்டுகிற கட்டைகளில் மகள் தமிழ் எழுத்தைச் சின்னக் கடதாசியில் வெட்டி ஒட்டியிருந்தாள். தொதல் என்று எழுதத்தான் மனம் வந்தது. ஆனால் அந்தத் தொ இருக்கிறதே, முன்னால் ஒரு கொம்பு, பின்னால் ஒரு கால். இத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்க அதை எப்படித் தேடுவது? இருக்கிறதிலேயே சின்னச் சொல் எது என்று யோசித்தேன். பாய். ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அமர்த்தினேன். பின்னால் யாரோ எழுத்தைச் சொல்லித்தர வாயெடுத்தார்கள்.

"எனக்குத் தெரியும், சும்மா இரிங்க," என்றேன்.

பிறகு ஒரு படத்தை அமர்த்தினேன், பிறகு பொத்தானை. வரிசையின் கடைசியில் ஒரு புதுப் பெட்டி வந்தது. கீழே பாய் என்று எழுத்து. மேலே படத்தில் தொதல். என் கை பழக்கத்தில் அங்கேதான் போயிருக்கிறது.

"அல்லாஹ்வே, என்ட பாயில எண்ணெய் வடியுது," என்றாள் மச்சி.

எல்லாரும் சிரித்துவிட்டார்கள். மிஸ்ஸும் சிரித்தார். ஆனால் விடவில்லை. "பிழைச்சிட்டுதே உம்மா. இப்ப என்ன செய்வீங்க?"

மகளைப் பார்த்தேன். உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். சொல்லித்தர முடியாது. அழித்துவிட்டு முதலில் இருந்து தொடங்கலாம், ஆனால் அழிப்பது எப்படி என்று எனக்குத் தெரியாது. திரையை மேலிருந்து கீழ்வரை வடிவாகப் பார்த்தேன். எனக்கு ஒன்றும் அவசரமில்லை, ஜீப்காரனுக்குத்தான் அவசரம். ஆள் சரியாகத்தான் வந்திருக்கிறார். வந்து அவருடைய இடத்தில் இருக்கிறார். பேரும் சரி. இத்தனை நாளும் பக்கத்தில் இருந்து பார்த்ததில், உடுப்பை எத்தனை தடவையும் மாற்றலாம் என்பது எனக்குத் தெரியும். அந்தப் பெட்டியின் மேல் அமர்த்தினேன். படங்கள் திரும்ப வந்தன. இந்தத் தடவை முகத்தைத் திரைக்குக் கிட்டக் கொண்டுபோய், பாயைப் பார்த்து அமர்த்தினேன். தொதல் போய்ப் பாய் வந்தது. பெட்டி அதே இடத்தில் இருந்தது.

"மாப்பிள்ளை பிழையில்ல மிஸ், சட்டைதான் பிழை. மாத்திட்டன்," என்றேன்.

மிஸ்ஸுக்கு விளங்கவில்லை. மாப்பிள்ளை யார், சட்டை எது என்று கேட்டார். ஊறுகாய்க்காரி, சாரன்காரி, மச்சி எல்லாரும் ஒரே நேரத்தில் சொல்லத் தொடங்கினார்கள். சோடிக்கிறது, கூட்டிட்டு வாறது, இருத்துறது என்று ஆளுக்கொரு பக்கமாக விளக்கினார்கள். அவர்களுக்கு இதெல்லாம் எப்போது தெரியும் என்று எனக்குத் தெரியாது. நான் வெங்காயம் உரிக்கும்போது யன்னலுக்கு வெளியே நின்றிருப்பார்கள்.

மிஸ் எழும்பினார். வாசலுக்குப் போய் டிரைவரிடம் சிங்களத்தில் ஏதோ சொன்னார். அவன் பின்கதவைச் சாத்தினான். திரும்பி வந்து, "இஞ்சயே இரிக்கட்டும். தூசு படாமப் பாத்துக்கங்க," என்றார். தேத்தண்ணி குடித்தார். தொதலில் இரண்டு துண்டு தின்றார். மீதியைக் கட்டித் தரச் சொல்லி அவர் கேட்கவில்லை, நான்தான் கட்டிக் கொடுத்தேன்.

ஜீப் தெரு முனையில் திரும்புவதற்குள் மகள் கதிரையில் போய் உட்கார்ந்துவிட்டாள். அழிக்கிறதுக்கும் ஒரு பொத்தான் வைக்க வேண்டும், அதை மறந்துவிட்டேன் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு தட்டத் தொடங்கினாள். சாப்பிட்டுவிட்டு இரு என்றேன், காதில் விழவில்லை. சோற்றுக் கோப்பையைக் கொண்டுபோய்ப் பக்கத்தில் வைத்தேன்.

"உம்மா, தட்டுற கட்டையில மீன் ஆணத்தை ஊத்திடாதீங்க."

"உன்ட கை எங்க போகுதெண்டு பாத்துத் தின்னு."

மற்றவர்கள் எல்லாம் போய்விட்டார்கள். மச்சி மட்டும் போகவில்லை. மிஸ்ஸுக்கு முன்னால் என் கையாலேயே அவளுடைய பாயை இரண்டாம் தடவையும் சேர்த்த சந்தோசம் அவளுக்குக் கொள்ளவில்லை. அந்தப் பாய்க்குக் கீழே தன்னுடைய பேரும் வர வேண்டும், இப்போதே வர வேண்டும் என்று நின்றாள்.

"கம்பியூட்டர் எங்கயும் போகல்லகா," என்றேன். "நாளைக்குக் கண்ணாடியைப் போட்டுக்கிட்டு வா. நீயே எழுது."